புதிய விமானத்துக்கு யார் கையெழுத்துப் போடுவது?

(புதுச்சேரியில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் பெரியவர் அவர்களே, அலுவல் நெருக்கடியிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாண்புமிகு அமைச்சர் அவர்களே, அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாகியும் இன்னும் எழுந்திருக்காத சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, மேடைச் செலவையும் தேநீர்ச் செலவையும் ஏற்றுக்கொண்ட வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, வரவேற்புரையில் மூன்று வெண்பா பாடிய தமிழாசிரியர் அவர்களே, கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் பேருந்து பிடித்து வந்திருக்கும் பாலிடெக்னிக் மாணவர்களே, தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுத்தீர்கள், அதற்குத் தனி நன்றி. வெண்பாவில் என்னைப் பற்றிச் சொன்னதில் பாதியைத் தள்ளுபடி செய்துவிடலாம் என்று ஆசிரியர் அவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

வளரும் நாட்டில் பாதுகாப்பான ஒரு புதிய விமான நிறுவனத்தைத் தொடங்கத் தடையாக நிற்பவை எவை என்பதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. ஆறு தடைகள் என்று குறித்து வந்திருக்கிறேன்: பணம், விமானம், ஓடுபாதை, எரிபொருள், மேற்பார்வை, ஆள். ஆறுக்கும் சேர்த்து நம் முன்னோர் ஒரே வரி சொல்லி வைத்தார்கள். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது. வில்லியனூர்த் தேரின் வடத்தை ஆளுநரே பிடித்து இழுப்பது பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து வரும் வழக்கம். வடத்தை யார் இழுக்கிறார் என்றுதான் எல்லோரும் பார்க்கிறோம். சக்கரத்தோரம் குனிந்து ஆணியைப் பார்ப்பவரை யாரும் படம் எடுப்பதில்லை.

முதலில் பணம். நம் பக்கத்துக் கணக்கையே பாருங்கள். பாரமவுண்ட் ஏர்வேஸ் 2005இல் பறக்க ஆரம்பித்தது, 2010இல் நின்றது. விஜயவாடாவின் ஏர் கோஸ்டா 2013இல் வந்தது, 2017இல் போனது. பெங்களூரின் ஏர் பெகாசஸ் 2015இல் வந்து 2016இல் நின்றது. கோயம்புத்தூரின் ஏர் கார்னிவல் 2016இல் தொடங்கி அடுத்த ஆண்டே முடிந்தது. இவற்றுக்கு டிக்கெட் விற்காமல் போகவில்லை. வருமானம் ரூபாயில் வருகிறது, செலவில் பெரும்பகுதி டாலரில் போகிறது. குத்தகை, உதிரிபாகம், இன்ஜின் பழுதுபார்ப்பு, சிமுலேட்டர் பயிற்சி எல்லாமே டாலர்தான். சொந்த விமானம் வாங்கித் தொடங்குபவர் அரிது, பெரும்பாலும் குத்தகைதான். குத்தகைக்காரர் சில மாத வாடகையை வைப்புத் தொகையாக வாங்கிக்கொள்வார். பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் பராமரிப்பு நிதி என்று தனியாக வசூலிப்பார்.

இதில் புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. உரிமம் வாங்கும் பாதைக்கு ஐந்து கட்டம்: முன் விண்ணப்பம், முறையான விண்ணப்பம், ஆவணப் பரிசீலனை, செய்முறை விளக்கமும் ஆய்வும், கடைசியாகச் சான்றிதழ். ஆவணம் என்றால் நான்கு பாகத்தில் இயக்கக் கையேடு, பராமரிப்புக் கையேடு, பயிற்சித் திட்டம், பாதுகாப்பு மேலாண்மைக் கையேடு என்று அலமாரி நிறையும். பொறுப்பு மேலாளர், இயக்கத் தலைவர், பயிற்சித் தலைவர், விமானப் பாதுகாப்புத் தலைவர், பராமரிப்பு மேலாளர், தர மேலாளர் என்று ஒவ்வொரு நாற்காலிக்கும் விமானத் துறையை மேற்பார்வையிடும் மத்திய அரசு இயக்குநரகமான டிஜிசிஏ ஏற்றுக்கொண்ட ஆள் வேண்டும். ஒரு நாற்காலி காலியானால் கோப்பு அங்கேயே நிற்கும். நான்காம் கட்டத்தில் குத்தகைக்கு எடுத்த விமானத்தை ஓட்டிக் காட்டவேண்டும். அதனால் விமானம் முன்பே வந்து நிற்கும், வாடகை ஏறிக்கொண்டே இருக்கும், டிக்கெட் ஒன்றுகூட விற்க முடியாது. ஆகாசா ஏர் 2022 ஜூலை 7ஆம் தேதி சான்றிதழ் வாங்கி ஆகஸ்ட் 7ஆம் தேதி முதல் பயணிகளை ஏற்றியது. முதலீடு பின்னால் இருந்தது, ஆட்கள் முன்பே வேலையில் இருந்தார்கள், முடிந்தது. கையில் சில்லறை வைத்துக்கொண்டு வருபவர் நான்காம் கட்டத்திலேயே களைத்துப்போகிறார். களைத்தவர் முதலில் கை வைப்பது பராமரிப்புச் செலவில்தான்.

ஓடுபாதைக்கு வருகிறேன். அமைச்சர் அவர்கள் நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது. நம் புதுச்சேரி விமான நிலையத்தின் லாஸ்பேட்டை ஓடுபாதை ஏறத்தாழ 1500 மீட்டர். விமானம் 1200 மீட்டரில் நின்றுவிடுமே, அப்புறம் ஏன் ஏர்பஸ் வரக்கூடாது என்று டீக்கடையில் கேட்கிறார்கள். விதி அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. புறப்படும் முன்பே, இறங்கத் தேவைப்படும் தூரம் ஜெட்டுக்கு ஓடுபாதையின் 60 சதவீதத்துக்குள், ஏடிஆர் மாதிரி விசிறி சுழலும் டர்போபிராப்புக்கு 70 சதவீதத்துக்குள் அடங்கவேண்டும் என்பது உலக அளவில் பரவலாகப் பின்பற்றும் கணக்கு. தரை நனைந்திருந்தால் தேவையான ஓடுபாதை நீளத்தோடு இன்னும் 15 சதவீதம் சேர்க்கவேண்டும். ஆக 1500 மீட்டரில் ஏடிஆருக்குக் காய்ந்த நாளில் கிடைப்பது 1050 மீட்டர், ஐப்பசி மழையில் சுமார் 913. ஜெட்டுக்குக் காய்ந்த நாளிலேயே 900, மழையில் 782. ஏர்பஸ் 320 முழு எடையோடு அந்த 782க்குள் நிற்காது. புறப்படும்போது வேறு சிக்கல். கத்திரி வெயிலில் காற்று லேசாகிவிடும், இன்ஜின் தள்ளும் சக்தி குறையும். ஓட்டத்தின் நடுவில் ஒரு இன்ஜின் நின்றால், மிச்சமிருக்கும் தூரத்தில் பிரேக் பிடித்து நிற்கவும் முடியவேண்டும், ஒற்றை இன்ஜினில் மேலே ஏறவும் முடியவேண்டும். இரண்டும் கூடிவரவில்லை என்றால் எடையைக் குறைக்கவேண்டும். எதைக் குறைப்பது? இங்கே மழை கொட்டினால் சென்னைக்குப் போக எரிபொருள் வேண்டும், அதன்மேல் அரைமணி நேரம் வட்டமடிக்க இருப்பு வேண்டும். அதில் கை வைக்க முடியாது. ஆகவே இருக்கைதான் காலியாகப் போகும். வேலை தெரியாத மேலாளர் அங்கேதான் விமானியிடம் பேரம் பேசுவார்.

ஓடுபாதையை நீட்ட நிலம் தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கிறது, இரண்டு அரசும் பேசவேண்டும், பேசட்டும். நீட்டுவதை நான் எதிர்ப்பவன் அல்லேன். ஆனால் 2013இல் இங்கே விமானம் வந்தபோது மாலை போட்டோம், 2014இல் நின்றது. 2017இல் மறுபடி மாலை, 2024இல் நின்றது. 2024 டிசம்பரில் மறுபடி மாலை. இத்தனை முறையும் ஓடுபாதை அதே ஓடுபாதைதான். நெய்வேலியிலும் ஓடுபாதை இருக்கிறது, சிறு ஊர்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டப் பட்டியலில் பெயரும் ஏறியது. ஓடுபாதை இருந்தால் விமானம் தானாக வந்துவிடும் என்பவர்கள் ஒருமுறை நெய்வேலிக்குப் போய்வரலாம்.

எரிபொருளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் ஒரு சம்பவம். கொஞ்சம் நீளமானது, தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கவேண்டாம்.

அமெரிக்காவில் வேல்யூஜெட் என்று ஒரு நிறுவனம். 1993 அக்டோபரில் இரண்டு பழைய டிசி-9 விமானங்களோடு தொடங்கியது. மலிவு டிக்கெட், கூட்டம் அள்ளியது. மூன்று ஆண்டு முடிவதற்குள் ஐம்பதுக்கு மேல் விமானங்கள். பராமரிப்பை வெளியில் ஒப்பந்தத்துக்கு விட்டிருந்தார்கள். மியாமியில் ஒப்பந்ததாரர் பட்டறையில் அவர்களுடைய எம்டி-80 ரக விமானங்கள் சில நின்றன. பயணிகள் தலைக்கு மேல் ஆக்சிஜன் முகமூடி இருக்கிறதல்லவா, அதற்குப் பின்னால் ஒரு சிறு உருளை. ஊசியை இழுத்தால் உள்ளே ரசாயனம் வினைபுரிந்து ஆக்சிஜன் வரும், உருளையின் வெளிப்புறம் 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுடும். ஆயுள் முடிந்த உருளைகளைக் கழற்றினார்கள். கழற்றியதும் அடிக்கும் ஊசியின் மேல் பிளாஸ்டிக் மூடி ஒன்று மாட்டவேண்டும் என்று வேலை அட்டையில் தெளிவாக எழுதியிருந்தது. பட்டறையில் மூடி இல்லை. சில காசு பெறுமான பிளாஸ்டிக் மூடி. விமானங்களை உடனே ஒப்படைக்கச் சொல்லி மேலிருந்து நெருக்கடி. மூடி மாட்டியாயிற்று என்று அட்டையில் கையெழுத்து விழுந்தது.

மூடியில்லாத உருளைகள் அட்டைப்பெட்டியில் கொஞ்ச நாள் கிடந்தன. பட்டறையைச் சுத்தம் செய்யச் சொன்னதும், ஐந்து பெட்டிகளில் அடுக்கி, மேலே குமிழ்த்தாள் போட்டு மூடி, 'ஆக்சிஜன் உருளை, காலி' என்று எழுதி அனுப்பினார்கள். பெரும்பாலானவை காலியாக இல்லை. 1996 மே 11ஆம் தேதி மதியம், அட்லாண்டாவுக்குப் புறப்பட்ட 592ஆம் எண் விமானத்தின் முன்பக்கச் சரக்கு அறையில், மூன்று டயர்களோடு சேர்த்து அந்தப் பெட்டிகளை ஏற்றினார்கள். அந்த அறையில் புகை காட்டும் கருவி இல்லை. காற்றோட்டம் இல்லாத அறையில் தீ தானாக அணைந்துவிடும் என்பது அதை வடிவமைத்தவர்கள் கணக்கு. ஆக்சிஜனையே தயாரிக்கும் சரக்கை உள்ளே வைத்தால் அந்தக் கணக்கு என்ன ஆகும்? பத்து நிமிடம்கூடப் பறக்கவில்லை. எவர்கிளேட்ஸ் சதுப்பில் விழுந்தது. 110 பேர். ஒருவரும் மிஞ்சவில்லை.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்கிறோம். இந்தத் தேர் ஓடியது, அதுதான் கொடுமை. இத்தனைக்கும் அங்கே பணம் இருந்தது, ஓடுபாதை இருந்தது, உலகத்திலேயே பெரிய மேற்பார்வை அமைப்பு இருந்தது. நிறுவனம் வளர்ந்த வேகத்துக்கு அந்த அமைப்பின் ஆய்வாளர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. எல்லாவற்றையும் தாண்டி, மூடி வரும்வரை கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லும் ஒரு ஆள் அந்தப் பட்டறையில் இல்லை.

நம் நாட்டு மேற்பார்வைக்கும் ஒரு வரலாறு உண்டு. 2014 ஜனவரியில் அமெரிக்க விமான நிர்வாகம் இந்தியாவை இரண்டாம் தரத்துக்கு இறக்கியது. நம் விமானம் விழுந்ததால் இறக்கவில்லை. டிஜிசிஏயில் போதிய ஆய்வாளர்கள் இல்லை என்பது பெரிய குறையாகச் சொல்லப்பட்டது. ஆட்களை எடுத்த பிறகு 2015 ஏப்ரலில்தான் பழைய தரம் திரும்பி வந்தது. மேற்பார்வை என்று நான் தனித் தடையாகச் சொன்னேனே, அதுவும் ஆள் பஞ்சம்தான். ஐந்தாவதையும் ஆறாவதையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று ஏடிஆர் வைத்திருக்கும் நிறுவனத்தின் ஒரு இரவை எடுத்துக்கொள்வோம். ஒரு விமானம் பெரிய பரிசோதனைக்காக ஹேங்கரில். இன்னொன்று உதிரிபாகம் வராமல் வேறு ஊரில். மூன்றாவது ராத்திரி லாஸ்பேட்டையில் இறங்குகிறது, ஒரு கருவி வேலை செய்யவில்லை என்று விமானி லாக் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். பொறியாளர் எம்இஎல் புத்தகத்தைப் புரட்டுகிறார். எந்தெந்தக் கருவி பழுதாக இருந்தால் பறக்கலாம், எத்தனை நாள் பறக்கலாம் என்று அதில் இருக்கும். பி வகை என்றால் 3 நாள், சி வகை என்றால் 10 நாள், டி வகை என்றால் 120 நாள். கெடு முடிவதற்குள் பாகம் வராவிட்டால் விமானம் நிற்கவேண்டும். பணமில்லாத நிறுவனத்தில் கெடுவின் கடைசி நாளில், நிற்கும் விமானத்திலிருந்து கழற்றி ஓடும் விமானத்தில் மாட்டு என்று உத்தரவு வரும். மாட்டலாம், தவறில்லை, ஆனால் ஒரு வேலை இரண்டு வேலை ஆகிறது. இரண்டு பக்கமும் காகிதம் எழுதவேண்டும். அந்தப் பாகத்தின் பிறப்பிலிருந்து இன்றுவரை உள்ள ஆவணம் கூடவே நகரவேண்டும், ஆவணம் தொலைந்தால் பாகம் நன்றாக இருந்தும் பழைய இரும்புதான். பறக்கும் கட்டுப்பாட்டு அமைப்பில் கை வைத்திருந்தால், வேலை செய்தவரைத் தவிர தகுதியுள்ள இன்னொருவர் தனியாகச் சோதித்துக் கையெழுத்திடவேண்டும். அந்த இரவில் அந்த நிலையத்தில் இருப்பவர் ஒரே ஒருவர். இரண்டாவது கையெழுத்து எங்கிருந்து வரும்?

ஒரு பொறியாளரை உருவாக்க எவ்வளவு காலம்? விசையாழி விமானத்துக்கான பி1.1 பிரிவில் அங்கீகாரம் பெற்ற அடிப்படைப் பயிற்சி 2400 மணி நேரம். ஒவ்வொரு பாடத்திலும் 75 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி. பிறகு பறக்கும் விமானங்களில் 2 ஆண்டு அனுபவம். பயிற்சிப் பள்ளிக்கே போகாதவருக்கு அது 5 ஆண்டு. அதன்மேல் ஏடிஆருக்கென்று தனி ரகப் பயிற்சி. எப்படிக் கூட்டினாலும் நாலைந்து வருடம். குத்தகை விமானம் சில மாதத்தில் கிடைக்கும். அதனால் புதிய நிறுவனம் என்ன செய்கிறது? பக்கத்து நிறுவனத்திலிருந்து சம்பளம் கூட்டி இழுக்கிறது. அங்கே ஓட்டை விழுகிறது. அவர்கள் இன்னொரு இடத்தில் இழுக்கிறார்கள். ஆளின் எண்ணிக்கை கூடவே இல்லை, சம்பளம் மட்டும் கூடியிருக்கிறது.

நான் எங்கே வருகிறேன் என்று மாணவர்களுக்குப் புரிந்துவிட்டது. லாஸ்பேட்டையில் விமான நிலையம் இருக்கிறது. அதே லாஸ்பேட்டையில் மோதிலால் நேரு அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. நடுவில் ஒரு விமானப் பராமரிப்புப் பொறியாளர் படிப்பு இல்லை. கடலூர், பண்ருட்டி, திண்டிவனம் பிள்ளைகள் பெரும் கட்டணம் கட்டி வெளியூர்த் தனியார் கல்லூரிக்குப் போகிறார்கள். பெற்றோருக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன்: சேரும் முன்பு கல்லூரியின் டிஜிசிஏ அங்கீகாரக் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். எந்தப் பிரிவுக்கு, எந்தத் தேதிவரை, பி1.1க்கா, மின்னணுப் பிரிவான பி2வுக்கா என்று அதில் இருக்கும். அனுபவத்துக்கு எந்தப் பராமரிப்பு நிறுவனத்தோடு ஒப்பந்தம் என்று எழுத்தில் கேளுங்கள். ஒப்பந்தம் இல்லாமல் பாடம் மட்டும் முடித்த பிள்ளை லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் உட்காரும்.

அமைச்சர் அவர்களிடம் கேட்பது கட்டடம் இல்லை, வகுப்பறை பாலிடெக்னிக்கில் இருக்கிறது. ஓய்வுபெற்ற ஒரு விமானம், வெட்டித் திறந்து காட்ட ஒரு டர்போபிராப் இன்ஜின், கருவிகளோடு ஒரு பட்டறை, லைசென்ஸ் வைத்திருக்கும் ஆசிரியர்கள். ஆசிரியர் சம்பளத்தை அரசு அளவுகோலில் வைத்தால் ஒருவரும் வரமாட்டார்கள், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அடுத்தது, இங்கே விமானம் இயக்க வரும் எந்த நிறுவனத்துக்குச் சலுகை கொடுத்தாலும் ஆண்டுக்கு இத்தனை மாணவர்களைப் பயிற்சிக்கு எடுக்கவேண்டும் என்ற நிபந்தனை அந்த ஆணையிலேயே இருக்கட்டும். வடம் இழுக்க ஆயிரம் பேர் வருவார்கள் ஐயா, அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது.

தலைவர் அவர்களிடமிருந்து சீட்டு வந்துவிட்டது. எரிபொருளைப் பற்றிச் சொல்லவே இல்லை. ஜிஎஸ்டிக்குள் வராததால் மாநிலத்துக்கு ஒரு வரி என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், கடைசிவரை இருந்த சட்டமன்ற உறுப்பினர் அவர்களுக்கும் நன்றி. கோரிக்கைத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போடுபவர்கள் ஊரையும் தொகுதியையும் சேர்த்து எழுதுங்கள். தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்குத் தனித் தாள், இரண்டு அரசுக்கும் தனித்தனியாகப் போகவேண்டும். முழுதாகப் படித்துவிட்டுப் போடுங்கள். வணக்கம்.