கம்ப்யூட்டருக்கு எத்தனை பேஸ்?

நேயர்களுக்கு வணக்கம்.

"கம்ப்யூட்டர் சென்டர் போடப்போகிறேன். சிங்கிள் பேஸ் போதுமா, த்ரீ பேஸ் வாங்கணுமா?" வயரிங் வேலைக்குப் போகிற இடத்தில் எல்லாம் என்னிடம் இதைக் கேட்கிறார்கள்.

வயலில் பெரிய பம்புசெட் மோட்டார் சுற்ற மும்முனை மின்சாரம், அதாவது த்ரீ பேஸ் வேண்டும். கம்ப்யூட்டருக்கு அது தேவையே இல்லை. மேஜையில் இருப்பதாகட்டும், பெரும்பாலான சர்வர்களாகட்டும், பின்னால் செருகுகிற வயரில் இருப்பது கரண்ட் வருகிற பேஸ் ஒன்று, அது திரும்பிப் போகிற நியூட்ரல் ஒன்று, கசிவை மண்ணுக்கு அனுப்புகிற எர்த் ஒன்று. அவ்வளவுதான், 230 வோல்ட். த்ரீ பேஸ் வேண்டுமா என்பது மொத்தக் கட்டடத்தின் லோடைப் பார்த்து முடிவு செய்வது.

ஒரு கம்ப்யூட்டருக்கு மானிட்டரோடு சேர்த்து 150 வாட் வைத்துக்கொள்ளுங்கள். பத்து என்றால் ஒன்றரை கிலோவாட், சிங்கிள் பேஸ் தாராளம். முப்பது என்றால் நாலரை கிலோவாட். கூடவே ஒன்றரை டன் ஏ.சி. இரண்டு. எல்லாம் சேர்ந்து 8 கிலோவாட்டை நெருங்கும், 35 ஆம்பியர் ஓடும். அப்போது த்ரீ பேஸ் வாங்கிப் பிரித்துவிடுவதுதான் சரி.

சரி, பிரித்தாயிற்று. கவலை அப்புறம்தான் தொடங்குகிறது.

மூன்று பேஸிலும் சமமாக பல்பு எரிந்தால், திரும்பி வரும் கரண்ட் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். நியூட்ரலில் ஏறக்குறைய ஒன்றும் ஓடாது. கம்ப்யூட்டர் அப்படி இல்லை. அதன் பவர் சப்ளை, மின் அலையின் உச்சியில் மட்டும் வெடுக்கென்று இழுக்கும். மூன்று பேஸின் உச்சியும் வெவ்வேறு நொடித்துளியில் வருவதால் கழித்துக்கொள்ள எதிர் ஆள் இல்லை, அத்தனையும் நியூட்ரல் வழியாகத்தான் திரும்ப வேண்டும். பேஸில் 10 ஆம்பியர் ஓடும்போது நியூட்ரலில் 17 வரைகூடப் போகலாம். பவர் ஃபேக்டரைச் சரிசெய்து, அலை முழுக்கச் சீராக இழுக்கும் நல்ல பவர் சப்ளைகளில் இது குறைவு. விலை குறைந்தவற்றில்தான் தொல்லை. நியூட்ரலுக்கு மெல்லிய வயர் போட்டு மிச்சம் பிடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

ஒரு பள்ளிக்கூட லேபுக்கு என்னை அவசரமாகக் கூப்பிட்டார்கள். 24 கம்ப்யூட்டர், பேஸுக்கு 11, 10, 3 என்று பிரித்திருந்தார்கள். நான் போனபோது அறை முழுக்கக் கருகல் வாடை. மூன்று மட்டும் இருந்த பேஸில் மூன்றுமே போய்விட்டன. போர்டைத் திறந்தேன். நியூட்ரல் வயர்கள் வந்து சேரும் கட்டையான நியூட்ரல் லிங்கில் ஸ்க்ரூ தளர்ந்து, கறுப்பு நியூட்ரல் வயரின் இன்சுலேஷன் பொரிந்து, விரல் பட்டதும் உதிர்ந்தது. நியூட்ரல் விட்டுப்போனால் இரண்டு பேஸுக்கு இடையே உள்ள 400 வோல்ட்டை அங்கிருக்கிற கம்ப்யூட்டர்களே பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். லோடு குறைவாக இருக்கிற பக்கம் 300 வோல்ட்டைத் தாண்டிவிடும். பேஸ் போனால் இருட்டாகும், அவ்வளவுதான். நியூட்ரல் போனால் பொருள் எரியும். பிள்ளைகள் உட்காரும் இடத்தில் இப்படி விடலாமா?

இன்னொன்று. எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் தானாக அணைந்து ஆளைக் காப்பாற்றும் ஸ்விட்ச்தான் ஆர்.சி.சி.பி. "ஆர்.சி.சி.பி. சும்மா சும்மா விழுகிறது" என்று சொல்லி அதையே கழற்றிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பழுதில்லாத கம்ப்யூட்டரிலும் ஒரு மில்லி ஆம்பியர் அளவு எர்த்துக்குக் கசியலாம். இருபத்தைந்தை ஒரே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யில் மாட்டினால் அது விழத்தான் செய்யும். எட்டு, பத்தாகப் பிரித்துத் தனித்தனி ஆர்.சி.சி.பி. வையுங்கள்.

யு.பி.எஸ். 10 கே.வி.ஏ. வரை சிங்கிள் பேஸிலேயே கிடைக்கிறது. மூன்று பேஸ் வாங்கி ஒன்றாகத் தருகிற வகையும் உண்டு. அது பைபாஸுக்குப் போனால், அதாவது யு.பி.எஸ். ஒதுங்கிக்கொண்டு லைன் கரண்ட்டை நேராக அனுப்பினால், மொத்த லோடும் பெரும்பாலும் ஒரே பேஸில் வந்து விழும். அந்த பேஸ் வயரும் நியூட்ரலும் முழு லோடைத் தாங்குமா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். லேசர் பிரிண்டரை யு.பி.எஸ்.ஸில் மாட்டாதீர்கள்.

உங்கள் எலக்ட்ரீஷியன், வயரைச் சுற்றிக் கவ்வி ஆம்பியர் காட்டும் டாங் டெஸ்டரை மூன்று பேஸ் வயரிலும் மாட்டிப் பார்ப்பார். எல்லாக் கம்ப்யூட்டரும் ஓடுகிற நேரத்தில் நியூட்ரலிலும் மாட்டச் சொல்லி, அந்த எண்ணைப் போர்டு கதவின் உட்புறம் எழுதி வையுங்கள். அப்புறம் மெயினை அணைத்துவிட்டு, நியூட்ரல் லிங்க் ஸ்க்ரூக்கள் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்த்து இறுக்கச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.