கூச்சத்துக்கு எதுக்குங்க ஸ்கேன்?

ஒறம்பரை வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளிகிற பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. பலருக்கு அது வளர வளரத் தேய்ந்துவிடும். சிலருக்கு 13 வயதை ஒட்டி முற்றி, வகுப்பில் எழுந்து வாசிக்கக்கூட முடியாமல் போகும். இதைத்தான் சமூகப் பதற்றக் கோளாறு என்கிறோம். கோயமுத்தூருக்குக் கூட்டிப்போய் மூளையை ஸ்கேன் எடுத்தால் இது தெரியுமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். தெரியாதுங்க. ஏன் என்று சொல்கிறேன்.

சாதாரண எம்.ஆர்.ஐ. மூளையின் வடிவத்தைக் காட்டும். ஆராய்ச்சியில் எடுப்பது எஃப்.எம்.ஆர்.ஐ. மூளையில் வேலை நடக்கும் இடத்துக்கு ரத்தம் கூடுதலாகப் பாயும். அதனால் வரும் ஆக்சிஜன் மாற்றத்தை 2 வினாடிக்கு ஒருமுறை, சுமார் 3 மி.மீ. கட்டங்களாக இது அளக்கும். மடையில் தண்ணீர் பாய்வதைப் பார்த்து எந்த வயலில் நடவு என்று ஊகிக்கிற கணக்குதான். இங்கே தண்ணீர் என்பது ரத்தம்; அதுவும் ஐந்தாறு வினாடி பிந்தித்தான் வரும்.

2008-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. பதற்றமுள்ள 14 பேர், இல்லாத 14 பேர். 40 பிள்ளைகளின் முகப் படங்களைக் கொடுத்து, யாரோடு பேசப் பிடிக்கும், யாரோடு வேண்டாம் என்று பிரிக்கச் சொன்னார்கள். பிறகு ஸ்கேனருக்குள் படுக்கவைத்து, "இந்தப் பிள்ளைக்கு உன்னோடு பேச எவ்வளவு விருப்பம் இருக்கும்?" என்று கேட்டார்கள். தாங்களே ஒதுக்கிய முகம் வந்தபோது, பதற்றமுள்ளவர்களுக்கு அமிக்டலா கூடுதலாகக் கிளர்ந்தது. மூளைக்குள் வாதாம்பருப்பு வடிவில் இருந்து, ஆபத்தையும் பயத்தையும் கவனிக்கும் பகுதி அது. வெறுமனே பயந்த முகத்தைக் காட்டுவதைவிட இது கெட்டிக்காரச் சோதனை. இந்தப் பிள்ளைகளின் வெசனமே அடுத்தவர் நம்மை என்ன நினைப்பார் என்பதுதானே.

ஆனால் சிக்கல் நிறைய. தலை அரை மி.மீ. அசைந்தாலே கணக்கு கெடும். 100 டெசிபலைத் தாண்டும் சத்தத்தில் பயந்த பிள்ளை அசையத்தான் செய்யும்; அந்த அசைவே மூளை வித்தியாசம் போலத் தெரியும். அதனால் பொம்மை ஸ்கேனரில் முன்கூட்டியே பழக்குகிறார்கள், தலைக்கு இருபுறமும் பஞ்சு அணை கொடுக்கிறார்கள், அசைந்த படங்களைக் கழிக்கிறார்கள். அப்படியும் ரொம்பப் பயந்த பிள்ளை உள்ளேயே வராது. யாரைப் பற்றி அறிய வேண்டுமோ அவர்களே கணக்கில் விட்டுப்போகிறார்கள்! இதைப் பலர் வெளியே சொல்வதில்லை.

ஒரே ஆளை இருமுறை எடுத்தால் முடிவு எவ்வளவு ஒத்துப்போகிறது? 2020-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் அந்த அளவு சுமார் 0.4. 1 வந்தால்தான் முழுப் பொருத்தம். கூட்டத்தின் சராசரியைப் பேச இது உதவும். உங்கள் பிள்ளையை எடைபோட உதவாது.

நோயை முடிவுசெய்வது பேசிப் பார்த்துத்தான். 6 மாதமாவது பயம் நீடிக்கிறதா, பெரியவர்களிடம் மட்டுமா, சம வயதுப் பிள்ளைகளிடமுமா என்று கேட்பார்கள். சிகிச்சையும் படிப்படியான பழக்கம்: முதலில் கடையில் விலை கேட்பது, பிறகு வகுப்பில் ஒரு வரி வாசிப்பது, பிறகு ஒரு பத்தி. ஒவ்வொரு படியையும் பயம் தணியும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இந்தப் பழக்கம் பல நேரம் வீட்டில்தான் கெடுகிறது: ஒறம்பரை பிள்ளையிடம் பேர் கேட்டால், அம்மா முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறார்.