ஒரு வரைபடமும் மஞ்சள் துளிகளும்

நேயர்களுக்கு வணக்கம்.

புரியாத சம்பவம் ஒன்று நடக்கிறது. அரசாங்கம் அதற்கு ஒரு விளக்கம் கொடுக்கிறது. உடனே கேட்கிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். “அதுதான் மேலிடத்திலேயே சொல்லிவிட்டார்களே, அப்புறம் என்ன?” என்பது ஒரு கட்சி. “அவர்கள் சொன்னாலே அது பொய்தான்” என்பது இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்கும் ஒரு வசதி உண்டு: போய்ப் பார்க்கிற வேலை மிச்சம்.

இன்று நான் சொல்லப்போவது, போய்ப் பார்த்த ஒருவரைப் பற்றி. மாத்யூ மெசல்சன் என்ற அமெரிக்க உயிரியலாளர். டி.என்.ஏ. தன்னை எப்படிப் படியெடுத்துக்கொள்கிறது என்று 1958இல் ஃபிராங்க்ளின் ஸ்டாலுடன் சேர்ந்து சோதனையில் காட்டியவர். உயிரியல் பாடப் புத்தகங்களில் இவர் பெயர் வரும். பிற்பாடு இரண்டு வல்லரசுகள் கொடுத்த இரண்டு விளக்கங்களோடு மல்லுக்கு நின்றதும் இவர்தான்.

முதலாவது, சோவியத் விளக்கம். 1979 ஏப்ரலில் ஸ்வெர்ட்லோவ்ஸ்க் நகரத்தில் மக்கள் திடீர் திடீரென்று காய்ச்சல் வந்து, மூச்சு முட்டி இறந்தார்கள். இன்று அந்த ஊருக்கு எகாத்தரின்பர்க் என்று பெயர். நோய் ஆந்த்ராக்ஸ். நம் பக்கத்தில் மாட்டுக்கு வரும்போது அடைப்பான் என்பார்களே, அதுதான். நோயுற்ற கால்நடையின் இறைச்சி சந்தைக்கு வந்துவிட்டது, அதைத் தின்றவர்கள் இறந்தார்கள் என்று சோவியத் அரசு 1980இல் அறிவித்தது. அதே ஊரில் ராணுவத்தின் நுண்ணுயிர் ஆய்வுக்கூடம் ஒன்று இருந்தது. அங்கிருந்து கிருமி கசிந்திருக்கும் என்று அமெரிக்கா குற்றம் சாட்டியது.

மெசல்சன் 1986இல் மாஸ்கோ போய் அங்குள்ள மருத்துவர்களிடம் பேசினார். 1988இல் அவர்கள் அமெரிக்காவுக்கே வந்து விளக்கினார்கள். கேட்டுவிட்டு, இறைச்சிக் கதை நம்பும்படியாகத்தான் இருக்கிறது என்றார் மெசல்சன். கால்நடை ஆந்த்ராக்ஸ் அந்தப் பகுதிக்குப் புதிதல்ல. மருத்துவர்கள் சொன்னதில் முன்னுக்குப் பின் முரணும் இல்லை.

சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு கதவு திறந்தது. 1992 மே மாதம் அதிபர் யெல்ட்சின், காரணம் ராணுவம்தான் என்று ஒப்புக்கொண்டார். இங்கேதான் மெசல்சனை எனக்குப் பிடித்துப்போனது. மேலிடமே ஒப்புக்கொண்டுவிட்டதே என்று அவர் கோப்பை மூடிவிடவில்லை. முதலில் சொன்ன விளக்கத்துக்கு ஆதாரம் வேண்டும் என்றால், இரண்டாவதாகச் சொன்னதற்கும் வேண்டும்தானே? 1992 ஜூனில் ஒரு குழுவோடு அந்த ஊருக்கே கிளம்பிப் போனார்.

குழுவில் ஜீன் கில்லெமின் என்ற மானிடவியலாளரும் இருந்தார். இறந்தவர்களின் வீடு வீடாகப் போய் விசாரித்தது இவர்தான். அன்றைக்கு எங்கே வேலை, எந்த நேரம், எங்கே குடியிருப்பு என்று கேட்டார். கல்லறைகளில் இருந்த பெயரையும் தேதியையும் படித்தார். விவரம் கிடைத்த நோயாளிகள் 77 பேர். அவர்களில் இறந்தவர்கள் 66 பேர். நோயாளிகள் பகலில் எங்கே இருந்தார்கள் என்று வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டே போனார்கள். பெரும்பாலான புள்ளிகள் ஒரு குறுகிய பட்டைக்குள் விழுந்தன. ராணுவக் கூடத்தில் தொடங்கித் தென்கிழக்காக, சுமார் நான்கு கிலோமீட்டர். பட்டைக்குள் ஒரு பீங்கான் தொழிற்சாலை. அங்கே வேலை பார்த்தவர்கள் நிறையப் பேர். வேறெங்கோ குடியிருந்து, அந்த வாரம் ராணுவப் பயிற்சி வகுப்புக்காகப் பட்டைக்குள் வந்துபோனவர்களும் இருந்தார்கள். அதே பட்டையை ஊருக்கு வெளியே நீட்டினால், ஐம்பது கிலோமீட்டர் வரை இருந்த கிராமங்களில் ஆடு மாடுகள் செத்திருந்தன.

அப்புறம் விமான நிலையத்தின் பழைய வானிலைப் பதிவைப் புரட்டினார்கள். 1979 ஏப்ரல் 2, திங்கட்கிழமை, காற்று அந்தத் திசையிலேயே வீசியிருந்தது. இறைச்சி விற்றால் நோய் சந்தைக்கு வந்தவர்களின் வீடுகளுக்குப் பரவும். காற்றோடு கோடு போட்டுக்கொண்டு போகாது. 1994இல் ஆய்வுக் கட்டுரை வெளியானது. முன்பு தான் நம்பிய கதையைத் தன் கையாலேயே மெசல்சன் பொய்யாக்கினார்.

ஆனாலும் என்னைக் கேட்டால், இந்தக் கதையின் வீரர்கள் வேறு இரண்டு பேர். ஃபைனா அப்ரமோவா, லெவ் கிரின்பெர்க் என்ற உள்ளூர் நோய்க்கூறியல் மருத்துவர்கள். 1979இல் உடற்கூறு பரிசோதனை செய்தவர்கள். மருத்துவமனைப் பதிவேடுகளை உளவுத்துறை அள்ளிக்கொண்டு போனபோது, திசு மாதிரிகளையும் குறிப்புகளையும் இவர்கள் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்கள். நுரையீரல்களுக்கு நடுவிலுள்ள நிணநீர்க் கணுக்களில் ரத்தக்கசிவு இருந்தது. தின்று வந்த நோய் அங்கே தொடங்காது. மூச்சில் போன கிருமியின் வேலை அது.

இரண்டாவது, அமெரிக்க விளக்கம். 1975இல் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்த லாவோஸிலிருந்து தாய்லாந்துக்குத் தப்பி வந்த மோங் என்ற மலைவாழ் மக்கள், வானத்திலிருந்து மஞ்சளாக ஏதோ விழுந்தது, ஆட்கள் செத்தார்கள் என்று சொன்னார்கள். 1981 செப்டம்பரில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் அலெக்சாண்டர் ஹேக், இது பூஞ்சையிலிருந்து எடுத்த நச்சு, பின்னணியில் சோவியத் ஒன்றியம் என்று அறிவித்தார். “மஞ்சள் மழை” உலகமெங்கும் தலைப்புச் செய்தியானது.

மாதிரிகளைப் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் நுண்ணோக்கியில் பார்த்தால் உள்ளே முழுக்க மகரந்தம். ஆயுதத்தில் மகரந்தத்துக்கு என்ன வேலை? நச்சு நுரையீரலில் தங்குவதற்காக எதிரி வேண்டுமென்றே கலந்திருக்கிறான் என்றார்கள் அமெரிக்க அதிகாரிகள். சதிக் கதை கட்டுவது தெருவில் போகிறவர்கள் மட்டும்தான் என்று யார் சொன்னது? எதிராக வந்த சான்றையும் விழுங்கிச் செரித்துக்கொள்கிற விளக்கம் எங்கிருந்து வந்தாலும் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும்.

மெசல்சனும் தேனீ ஆய்வாளர் தாமஸ் சீலியும் வேறொன்று கேட்டார்கள். அந்த மகரந்தத்தில் புரதம் இருக்கிறதா? இல்லை. வெறும் ஓடு. தேனீயின் வயிற்றில் செரித்து வெளியே வந்தால்தான் அப்படி ஆகும். 1984இல் தாய்லாந்துக் காட்டுக்கே போனார்கள். மலைத்தேனீக்கள் கூட்டமாகக் கிளம்பி உயரத்தில் பறந்து கழிவைக் கொட்டின. கீழே நின்றவர்கள் மேல் மஞ்சள் துளிகள் விழுந்தன. மேலே தேனீ இருப்பது கண்ணுக்கே சரியாகத் தெரியவில்லை. சீனாவின் ஜியாங்சுவில் 1976இல் இதே போல மஞ்சள் மழை பெய்து, தேனீக் கழிவுதான் என்று அங்குள்ளவர்கள் கண்டுபிடித்திருந்ததும் பிறகு தெரியவந்தது.

ஒரு பொய் எத்தனை காலம் வட்டி கட்ட வைக்கும் என்பதற்கு அமெரிக்காவின் ராஸ்வெல் ஊர் சாட்சி. 1947 ஜூலையில் “பறக்கும் தட்டு” கிடைத்ததாக ராணுவத் தளமே செய்தி கொடுத்தது. சில மணி நேரத்தில் வானிலை பலூன் என்று மாற்றிக்கொண்டது. சோவியத் அணுகுண்டுச் சோதனையின் ஒலியை உயரத்திலிருந்து ஒட்டுக்கேட்க அனுப்பிய ரகசிய பலூன் தொடர், மோகுல் திட்டம், என்று அமெரிக்க விமானப் படை சொன்னது 1994இல். எதையோ மறைக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டவர்கள் தப்பில்லை. மறைத்தார்கள்தான். எதை மறைத்தார்கள் என்பதை, வேற்றுக்கிரகத்தாரின் வாகனம் என்று தாங்களே நிரப்பிக்கொண்டதில்தான் வண்டி தடம் மாறியது. நாற்பத்தேழு ஆண்டு கழித்து வந்த விளக்கம் எத்தனை பொருத்தமாக இருந்தாலும் வாங்க ஆளில்லை.

விளக்கத்தை மாற்றினாலே திருட்டுத்தனம் என்று ஒரு எண்ணமும் இருக்கிறது. 2001இல் கேரளத்தில் சிவப்பு மழை பெய்தபோது, விண்கல் வெடித்த தூசு என்று முதலில் சொன்ன விஞ்ஞானிகள், மாதிரியில் நுண்ணிய வித்துகளைப் பார்த்ததும் அதைக் கைவிட்டார்கள். அந்த வித்துகளை வளர்த்துப் பார்த்து, டிரென்டெபோலியா என்ற பாசி என்றார்கள். சோவியத் இறைச்சிக் கதையோ பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

மஞ்சள் மழை விவகாரத்தில் அமெரிக்க அரசு தன் குற்றச்சாட்டை முறையாகத் திரும்பப் பெறவே இல்லை. மோங் மக்களுக்கோ வேறொரு வருத்தம். துளிகள் தேனீயுடையவை என்பதால் அவர்கள் கிராமங்கள் தாக்கப்படவில்லை என்று ஆகிவிடாது. 1975க்குப் பிறகு அவர்கள் வேட்டையாடப்பட்டதும் உண்மை, காட்டில் நோயிலும் பசியிலும் செத்ததும் உண்மை. ரசாயன ஆயுதமா, தேனீயா என்று உலகம் விவாதித்த அத்தனை ஆண்டுகளும், அந்தச் சாவுகளை யாரும் வீடு வீடாகப் போய்ப் புள்ளி வைத்து எண்ணவில்லை.