மலையேறும் நாயின் உள்ளங்கால்

நேயர்களுக்கு வணக்கம். உச்சிப்புளி, மண்டபம், ராமேஸ்வரம் பக்கமெல்லாம் ஆடு, மாடு, நாய் என்று வைத்தியம் பார்த்து ஓய்வுபெற்றவன் நான். கடற்கரைக்காரனுக்கு மலையில் என்ன வேலை என்று நினைப்பீர்கள். நமக்கு வாய்த்த உயரம் கந்தமாதன பர்வதம்தான். ராமர் பாதம் கும்பிடப் படியேறினால், மூச்சு வாங்குவதற்குள் மேலே நிற்போம். ஆனாலும் நாய், மலை இரண்டும் சேர்ந்துவிட்டால் எனக்குப் பேச்சு நிற்காது. அதனால்தான் கூப்பிட்டார்கள் போலிருக்கிறது.

அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் என்று ஒரு மாநிலம். என் மகள் அங்கே இருக்கிறாள். அங்குள்ள ஒயிட் மவுண்டன்ஸ் மலைத்தொடரில் 4,000 அடியைத் தாண்டிய சிகரங்கள் 48. அறுபடை வீட்டையும் விடாமல் தரிசிக்கிறவர்கள் நம்மிடம் இருப்பதைப்போல, அந்த 48ஐயும் ஏறித் தீர்ப்பவர்கள் அங்கே உண்டு. முடித்தவர்களுக்கென்றே 1957இல் ஒரு கழகமும் தொடங்கியிருக்கிறார்கள். கூடவே நாயையும் அழைத்துப்போய் 48ஐயும் முடித்தவர்கள் இருக்கிறார்கள்.

கொடைக்கானலே 7,000 அடி, பஸ்ஸில் உட்கார்ந்தபடி போகிறோமே, 4,000 எல்லாம் ஒரு உயரமா என்று நானும் மகளிடம் கேட்டேன். உயரத்தை மட்டும் வைத்து எடைபோடக் கூடாது. அங்கே வாஷிங்டன் மலை 6,288 அடி. அதன் உச்சியில் 1934 ஏப்ரல் 12ஆம் தேதி அளந்த காற்று மணிக்கு 372 கிலோமீட்டர். நம்ம பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்று 58 கிலோமீட்டரைத் தாண்டினாலே ரயிலை நிறுத்திவிடுவார்கள். கச்சான் காற்று அடிக்கிற நாளில் பாம்பன் பாலத்தில் நின்றவர்கள் மீதியைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, நாய்க்கு வருவோம். நமக்கு உடம்பெல்லாம் வேர்க்கிறது. நாய்க்கு உள்ளங்காலில் கொஞ்சம் வேர்க்கும், அவ்வளவுதான். மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் அது சூட்டைத் தணிக்கணும். ஏறுகிற நாயின் நாக்கைப் பாருங்கள். நுனி அகன்று தட்டையாகி ஒரு பக்கமாகத் தொங்கினால் அது தவிக்கிறது. உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்கணும். சிவக்காவிட்டால் நிழலில் படுக்கவைத்து, வயிற்றிலும் தொடையிடுக்கிலும் தண்ணீரை விட்டு விசிறிக்கொண்டே கீழே இறங்க வழி பாருங்கள்.

அப்புறம் உள்ளங்கால். இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது. தனுஷ்கோடி மணலில் மத்தியானம் செருப்பைக் கழற்றினால் நாம் எப்படிக் குதிக்கிறோம்? அந்த மணலில்தான் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறோம். புறங்கையைத் தரையில் வைத்து ஏழெட்டு நொடி தாங்க முடியவில்லையென்றால் நாயை இறக்காதீர்கள். மலையில் சூட்டைவிடப் பாறையின் சொரசொரப்புதான் எமன். உள்ளங்கால் மெத்தை தேய்ந்து தோல் உரிந்தாலும் நாய் கத்தாது. எஜமான் நடக்கிறாரே என்று பின்னாலேயே வரும். நின்ற இடத்தில் பாதத்தை நக்குகிறதா, அதைப் பாருங்கள். இறக்கத்தில்தான் முன்னங்கால்களுக்கு அடி அதிகம்.

மகளோடும் பேத்தியோடும் அதே ஒயிட் மவுண்டன்ஸில் உள்ள ஃபிராங்கோனியா முகட்டுக்குப் போயிருந்தேன். மரமே இல்லாத மொட்டைப் பாறை வரப்பு. லிங்கன் சிகரத்தைத் தாண்டினால் லஃபயெட் சிகரம், 5,249 அடி, நேரே தெரிகிறது. ஒன்றரைக் கிலோமீட்டர் இருக்கும். பாதையோரம் ஒருவர் பெரிய கறுப்பு நாயை மல்லாத்திப் போட்டு முன்னங்காலை மடியில் வைத்திருந்தார். மெத்தையின் விளிம்பில் ஒரு துண்டுத் தோல் பிய்ந்து தொங்கியது, உள்ளே இளஞ்சிவப்பு. தண்ணீரை ஊற்றி மண்ணைக் கழுவி, துணி சுற்றி, தன் காலுறையையே மாட்டிக் கட்டினார். கட்டிய விதம் எனக்குத் திருப்தி. பேச்சுக் கொடுத்தோம். 48இல் அவருக்குக் கடைசி மலை அந்த லஃபயெட்தானாம். இறங்கப்போகிறேன் என்றார். பேத்தி விடவில்லை. "நாங்க நாயைப் பாத்துக்கிறோம் அங்கிள், நீங்க மட்டும் ஏறிட்டு வாங்களேன்!" அவர் சிரித்துவிட்டார். "அப்போ இவன் கணக்கு 47இலேயே நிக்குமே, ராத்திரி என்னைத் தூங்க விடமாட்டான்" என்றார். நாயை எழுப்பி, முதுகில் மாட்டியிருந்த பட்டையைப் பிடித்து, பாறைக்குப் பாறை தூக்கிவிட்டபடி வந்த வழியே இறங்கினார். ரொம்ப தூரம் வரைக்கும் அந்தச் சிவப்புக் காலுறை தெரிந்துகொண்டே இருந்தது. வாத்தியார் வேலைக்கு லாயக்கான மனுஷன், எங்கள் மருத்துவக் கல்லூரியில் விட்டிருக்கலாம்.

நிகழ்ச்சி நடத்தும் அம்மா கடிகாரத்தைக் காட்டுகிறார். நம்ம மலைகளைப் பற்றித்தான் நிறையச் சொல்ல எண்ணியிருந்தேன். சுருக்கமாக: காப்புக்காடு, தேசியப் பூங்கா எதற்குள்ளும் நாயைக் கொண்டுபோகக் கூடாது. ஆனைமுடி அப்படிப்பட்ட இடம். நாய் வரையாட்டை விரட்டும் என்பது மட்டும் காரணமில்லை. நாயிடமிருந்து டிஸ்டெம்பர் நோய் காட்டு விலங்குக்குத் தொற்றும். 2018இல் கிர் காட்டில் சிங்கங்கள் அந்தக் கிருமியால் செத்தன. நம்ம செந்நாய்க்கும் அதே ஆபத்து. நாயை எங்கே கூட்டிப்போனாலும் டிஸ்டெம்பர், ரேபிஸ் ஊசிகள் போட்டிருக்கணும்.

சிப்பிப்பாறை நாய் மலை ஏறுமா என்று கீழக்கரையிலிருந்து ஒரு நேயர் எழுதியிருந்தார். ஏறும், ஐயா. ஆனால் மயிர் குட்டை, உடம்பில் கொழுப்பும் கிடையாது. ராத்திரிக் குளிருக்கு ஒரு போர்வை எடுத்துப் போங்கள். ஒரு வயசு முடியாத குட்டி என்றால் இப்போதைக்குக் கடற்கரையே போதும், அதுவும் காலை வேளையில். வணக்கம்.