சின்ன எஞ்சின் ஏன் அமெரிக்காவில் எடுபடவில்லை?

வணக்கம் நேயர்களே. ஒரு லிட்டர் எஞ்சின் கார் இந்தியாவில் தெருவுக்குத் தெரு நிற்கிறது. அமெரிக்காவில் தேடித்தான் பிடிக்க வேண்டும். அங்குள்ளவர்களுக்குப் பெரிய கார் மோகம் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அது பாதிக் காரணம்கூட ஆகாது.

முதலில் வரி. இந்தியாவில் நீளம் நான்கு மீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1200 சிசிக்குள் இருந்தால் வரி குறைவு. ஜப்பானில் 660 சிசி 'கே' கார்களுக்குச் சலுகை. எஞ்சின் அளவே இந்த எல்லைகளைப் பார்த்துத்தான் முடிவாகிறது. அமெரிக்க மத்திய அரசு சிசியைப் பார்த்து வரி போடுவதில்லை. பெட்ரோல் மீதான மத்திய வரியும் காலனுக்கு (சுமார் 3.8 லிட்டர்) 18.4 சென்ட்தான், 1993க்குப் பிறகு ஏறவில்லை.

மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டையே எடுத்துக்கொள்வோம். 2018இல் அமெரிக்காவுக்குப் போன அந்தக் காரில் இரண்டு எஞ்சின்கள்: மூன்று சிலிண்டர் ஒரு லிட்டர் டர்போ (புகைவாயுவின் வேகத்தால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி), டர்போ இல்லாத 2 லிட்டர். அரசுச் சான்றில் முன்சக்கர இழுவையுள்ள முதலாவதற்குக் காலனுக்கு 28 மைல். நான்கு சக்கர இழுவையுள்ள இரண்டாவதற்கு 25. ஆண்டுக்கு 15,000 மைல் ஓட்டினால் 64 காலன் மிச்சம். காலன் மூன்று டாலர் என்றால் மாதம் 16 டாலர். அதிலும் ஒரு பங்கு இழுவை வித்தியாசத்தால் வந்தது. இதற்காக யார் டர்போவைக் கட்டி அழுவார்கள்?

மிச்சம் இவ்வளவு சுருங்கியது ஏன்? மிதியை லேசாக அழுத்தும்போதுதான் சின்ன டர்போ சிக்கனம் காட்டும். ஐரோப்பாவின் பழைய சோதனை அப்படி மென்மையாக ஓட்டியது. அமெரிக்கச் சோதனையில் 80 மைல் வேகம் தொடும் சுற்றும், ஏசி போட்டு ஓட்டும் சுற்றும் உண்டு. எஞ்சினுக்குப் பாரம் ஏறினால் சிலிண்டரில் அழுத்தமும் சூடும் கூடி நாக்கிங், அதாவது பெட்ரோல் கலவை நேரம் தவறித் தானாக வெடிப்பது, வரும். அதைத் தடுக்க ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தினால் புகைவாயு கொதிக்கும். அந்தச் சூட்டிலிருந்து டர்போவைக் காக்க, தேவைக்கு மேல் பெட்ரோல் ஊற்றுகிறது எஞ்சினின் கணினி. மைலேஜ் அங்கேதான் போகிறது. அமெரிக்கச் சாதாரண பெட்ரோலின் 87 ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் திறனைக் காட்டும் எண்), ஐரோப்பியக் கணக்கில் 91, 92 அளவுதான். ஐரோப்பாவில் சாதாரணமே 95. அதனால் நாக்கிங் முன்னதாகவே தலைகாட்டும்.

நம்பகத்தன்மையும் ஒரு கேள்வி. அந்த ஒரு லிட்டர் எஞ்சினில் ஆயில் பம்பை ஓட்டும் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே சுழல்கிறது. பெல்ட் பல் உதிர்ந்தாலோ அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் உடைந்தாலோ ஆயில் அழுத்தம் விழும், எஞ்சின் இறுகி நின்றுவிடும். இதற்காக 2023 இறுதியில் அமெரிக்காவில் ஏறத்தாழ 1.4 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. பழைய வண்டி வாங்குபவர்கள் அந்த வேலை முடிந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். ஆயில் மாற்றும்போது கையேட்டில் உள்ள தர எண்ணையே கேட்டு வாங்க வேண்டும்.