யன்னல் ஓரத்துச் சிலிக்கன் ஏன் ஒரு மாரிக்கே கழன்று வருகிறது?

வணக்கம் உறவுகளே. இன்றைக்குப் பரந்தன் பக்கம் ஒரு வீட்டில் நிற்கிறேன். வேலை தொடங்க முன்னரே கமராவை எடுத்துவிட்டேன். இந்த யன்னலை இப்போது இருக்கிற நிலையில் நீங்கள் பார்க்க வேண்டும்.

கிட்டக் கொண்டு வருகிறேன். இது அலுமினியச் சட்டம், இது சீமெந்துப் பூச்சு. இரண்டுக்கும் நடுவில், இடைவெளியை அடைக்கிற ரப்பர்ப் பசையான வெள்ளைச் சிலிக்கன் அடித்திருக்கிறது. ஒரு முனையை விரலால் பிடித்து இழுக்கிறேன், பாருங்கள். கத்தி வைக்கவே இல்லை, ஒரே நீளமாகக் கழன்று வருகிறது. அலுமினியப் பக்கம் கொஞ்சம் பிடித்திருக்கிறது. சுவர்ப் பக்கம் முழுக்க விட்டுவிட்டது. உரிந்த பக்கத்தைத் திருப்பிக் காட்டுகிறேன். சீமெந்துத் தூள் ஒட்டியிருக்கிறது தெரிகிறதா? இது சுவரைப் பிடிக்கவே இல்லை, தூளைத்தான் பிடித்திருக்கிறது.

போன காணொளியின் கீழே புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார்: “அண்ணை, ஒவ்வொரு வருசமும் சிலிக்கன் அடிக்கிறம், ஒவ்வொரு மாரிக்கும் தண்ணி உள்ளுக்கு வருது. நல்ல ரியூப் எது எண்டு சொல்லுங்கோ.” தம்பி, ரியூப்பின் பெயர் இருக்கட்டும். அதற்கு முன்னர் இரண்டு விசயம் தெரிய வேண்டும். எந்தப் பொருளும் எந்தப் பொருளும் சந்திக்கிற இடம் அது? அந்த இடத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும்? இந்த இரண்டையும் பார்க்காமல் சிலிக்கன் அடிக்கிற கன்னைக் கையில் எடுத்தால் எந்த ரியூப்பும் நிற்காது.

முதலாவதைச் சொல்கிறேன். ஹாட்வெயார் கடையில் “சிலிக்கன் ஒன்று தாருங்கள்” என்று கேட்டால் பெரும்பாலும் கையில் வருவது அசெட்டிக் வகைதான். மலிவு, கெதியாகக் காயும். வெட்டினவுடன் வினாகிரி மணம் மூக்கில் அடிக்கும், அதுதான் அடையாளம். காயும்போது அசெட்டிக் அமிலம் வெளியே வருகிறது. கண்ணாடிக்கும் வழுவழுப்பான டைல்ஸ் முகத்துக்கும் இது நன்றாகவே பிடிக்கும். ஆனால் சீமெந்து காரம். அமிலமும் காரமும் தொடுகிற இடத்தில் இரண்டும் வேலை செய்து, நடுவில் பலமில்லாத ஒரு தூள் படலம் உண்டாகிறது. சிலிக்கன் அந்தப் படலத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அடுத்த மழைக்குப் படலத்தோடு சேர்ந்து கழரும். இந்த யன்னலில் நடந்தது அதுதான்.

சீமெந்துப் பூச்சு, கொங்கிரீட், கல், செங்கல் இவை எங்கே வந்தாலும் நியூட்ரல் என்று எழுதியிருக்கிற, அதாவது இந்த அமிலம் விடாத வகை ரியூப்பை வாங்குங்கள். கூரைத் தகரம், நாகம் பூசிய இரும்பு, செம்பு, பித்தளை எல்லாவற்றுக்கும் அதேதான். அசெட்டிக் வகையின் அமிலம் தகரத்தின் பூச்சை அரித்துக் கறள் பிடிக்க வழி விடும். முல்லைத்தீவு, மன்னார்க் கரையோரத்தில் உப்புக்காற்று வேறு சும்மா விடாது, அங்கே இருக்கிறவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரில் ஒட்டவும் நியூட்ரல்தான். இல்லாவிட்டால் பின்பக்கத்து வெள்ளிப் பூச்சு அரிபட்டு, முன்னால் கறுப்புப் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

ரியூப்பைக் கடையிலேயே திருப்பிக் காலாவதித் திகதியைப் பாருங்கள். பொதுவாக ஒரு வருசம் அளவுதான் தாங்கும், அதுவும் வெக்கை இல்லாத இடத்தில் வைத்திருந்தால். எங்கள் பக்கத்தில் தகரக் கூரைக்குக் கீழே அடுக்கி வைத்த ரியூப், திகதி முடிய முன்னரே பழுதாகலாம். பழுதான சிலிக்கன் காயாது. நாள் கணக்காகப் பிசுபிசு என்று கிடக்கும், சுரண்டி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். சந்தேகம் இருந்தால் ஒரு கண்ணாடித் துண்டில் கொஞ்சம் பிதுக்கி வைத்துப் பாருங்கள். அரை மணித்தியாலத்துக்குள் மேலே தோல் கட்ட வேண்டும்.

சரி, இரண்டாவது விசயம், தண்ணீர் போகும் வழி. நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான்.

வன்னியில் மாரி என்றால் வாடைக் காற்றோடு வரும். ஐப்பசி, கார்த்திகை மழை மேலிருந்து கீழே விழுவதில்லை, சுவரைப் பார்த்து அடிக்கும். 2020 டிசம்பரில் திருகோணமலைக்கு வடக்கே கரையேறிய புரெவிப் புயலில் மழை எப்படி அடித்தது என்று நினைத்துப் பாருங்கள். வடக்கும் கிழக்கும் பார்த்த யன்னலுக்கு அந்தத் தண்ணீர் வரத்தான் செய்யும். இழுக்கிற யன்னலை எந்தக் காலத்திலும் முழுதாக அடைக்க முடியாது, கதவு ஓட இடைவெளி வேண்டும். அதற்காகத்தான் கீழ்ச் சட்டத்தின் வெளிப்பக்கத்தில் நீளமாகச் சின்னத் துளைகள் விட்டிருக்கும். இதோ, இங்கே காட்டுகிறேன். கதவு ஓடுகிற தடத்துக்குள் விழுகிற தண்ணீர் இந்தத் துளை வழியாக வெளியே போக வேண்டும்.

இந்த வீட்டில் அந்தத் துளை இரண்டையும் சிலிக்கனால் அடைத்திருக்கிறார்கள். “ஓட்டை இருக்கு, தண்ணி வரும்” என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். நடப்பதோ நேர்மாறு. மழைத் தண்ணீர் தடத்தில் நிரம்புகிறது, வெளியே போக வழியில்லை, உள்பக்க விளிம்பைத் தாண்டிச் சுவரில் வழிகிறது. உள்ளே பூச்சு ஊறிப் பெயின்ற் பொங்கி நிற்பதைப் பாருங்கள். இப்படி வடிகிற யன்னலுக்கு மேலும் மேலும் சிலிக்கன் அடித்தால் நிலைமை மோசமாகும். தயவுசெய்து இந்தத் துளையை அடைக்காதீர்கள். செம்மண் தூசியும் எறும்புப் புற்றும் அடைத்திருந்தால் ஒரு கம்பியால் குத்தித் துப்புரவாக்குங்கள். சில வீடுகளில் அவ்வளவோடு ஒழுக்கு நின்றுவிடும்.

யன்னல் படியையும் பாருங்கள். வாட்டம் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். இங்கே ரசமட்டம் வைத்துக் காட்டுகிறேன். குமிழ் எந்தப் பக்கம் போகிறது? வாட்டம் உள்ளே இருக்கிறது. தண்ணீர் படியில் தேங்கிச் சட்டத்தின் அடியைத் தொட்டுக்கொண்டே நிற்கும். இதை மேசன் திருத்த வேண்டும், சிலிக்கனால் திருத்த முடியாது. யன்னலுக்கு மேலே நீட்டியிருக்கிற சன்சேட்டின் அடிவிளிம்பில் ஒரு காடி (நீளப் பள்ளம்) இருந்தால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், சுவரோடு ஊர்ந்து யன்னல் தலைப்புக்கு வராது. புதிதாக வீடு கட்டுகிறவர்கள் மேசனிடம் இந்த இரண்டையும் கேட்டு வாங்குங்கள், பிறகு சிலிக்கனுக்கு வேலை குறைவு.

இனி இந்த யன்னலுக்கு வருவோம். பழையதை முழுக்க எடுக்க வேண்டும். பழைய சிலிக்கனின் மேல் புதியது நம்பிக்கையாக ஒட்டாது, பெயின்ற் ஒட்டவே ஒட்டாது. பிளேட்டால் சுரண்டி, சுவர்ப் பக்கத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, தூசியைத் தட்டி, காய்ந்த துணியால் துடைக்கிறேன். அலுமினியப் பக்கத்தை ஐசோபுரொப்பைல் அல்கஹோல் நனைத்த துணியால் துடைத்து, அது தானாகக் காய்வதற்கு முன்னர் இன்னொரு காய்ந்த துணியால் துடைக்கிறேன். ஒரே துணியால் துடைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு இடம் மாறுமே தவிரப் போகாது. புதுப் பூச்சு என்றால் ஒரு மாதம் ஆறவிட்டுச் செய்யுங்கள், ஈரச் சுவரில் பிடிக்காது.

இப்போது இடைவெளி. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று கேட்பார்கள். ஒட்டி வைத்தால் நல்லது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கணக்குப் பாருங்கள். அலுமினியம் ஒரு மீற்றருக்கு, ஒரு பாகை செல்சியசுக்கு, ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் 23 பங்கு நீளும். 6 அடிச் சட்டம், அதுவும் கபில நிறம், எங்கள் சித்திரை வெயிலில் சுட்டு இரவில் ஆறுகிறது. 40 பாகை வித்தியாசம் என்று வைத்தால் ஒன்றரை மில்லிமீற்றருக்கு மேல் அசையும். சுவர் அதில் பாதிகூட அசையாது. அந்த வித்தியாசத்தைச் சிலிக்கன்தான் இழுபட்டும் சுருங்கியும் வாங்க வேண்டும். ரியூப்பில் 25 என்ற வகுப்பு எழுதியிருந்தால், அடித்த அகலத்தின் கால் பங்கு அளவுக்கு இரு பக்கமும் அசைவு தாங்கும் என்று அர்த்தம். 2 மில்லிமீற்றர் இடைவெளி என்றால் அரை மில்லிமீற்றர்தான் தாங்கும். 6 மில்லிமீற்றர் என்றால் ஒன்றரை. அதனால் நான் 6 மில்லிமீற்றருக்குக் குறையாமல் இடம் விடுகிறேன்.

ஆழம் வேறு கதை. நிறைய அடித்தால் பலம் என்று உள்ளே வரைக்கும் நிரப்புகிறார்கள். சிலிக்கன் காற்றிலிருக்கிற ஈரத்தை எடுத்துத்தான் காயும், வெளியிலிருந்து உள்ளே, ஒரு நாளைக்கு 2 அல்லது 3 மில்லிமீற்றர் அளவில், போகப் போக இன்னும் மெதுவாக. ஒரு அங்குல ஆழத்துக்கு நிரப்பினால் உள்ளே எப்போது காயும் என்று நீங்களே பாருங்கள். இன்னொன்று, அது சட்டத்திலும் சுவரிலும் மட்டும் ஒட்ட வேண்டும், பின்னால் ஒட்டக்கூடாது. மூன்று பக்கமும் ஒட்டினால் இழுபட இடமில்லாமல் கிழியும். இதற்காக நுரைக் கயிறு விற்கிறார்கள், இடைவெளியைவிடக் கொஞ்சம் தடிப்பானதாகப் பார்த்து உள்ளே அழுத்துகிறேன். அதன் மேல் சிலிக்கன். 12 மில்லிமீற்றர் அகலத்துக்கு 6 மில்லிமீற்றர் ஆழம் போதும். கிளிநொச்சிக் கடைகளில் அந்தக் கயிறு எப்போதும் கிடைப்பதில்லை, கேட்டு எடுப்பியுங்கள். கடதாசியும் சீமெந்துப் பை உறையும் திணிப்பது வேண்டாம், அது ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும்.

இரு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டுகிறேன். நொசிலைச் சரிவாக, இடைவெளியின் அளவுக்கே வெட்டுங்கள். கன்னை நிறுத்தாமல் ஒரே ஓட்டமாகக் கொண்டுபோக வேண்டும். உடனே கரண்டியால் அழுத்தி இழுக்கிறேன், ஐந்து பத்து நிமிடத்துக்குள். அழகுக்காக மட்டும் இல்லை, இந்த அழுத்தம்தான் சிலிக்கனை இரு பக்கமும் ஒட்ட வைக்கிறது. சவர்க்காரத் தண்ணீர் தெளித்து இழுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது இன்னும் அடிக்காத சுவரில் பட்டால் அந்த இடம் பிடிக்காது, அதனால் நான் தெளிப்பதில்லை. தோல் கட்ட முன்னர் டேப்பை உரித்துவிடுங்கள்.

300 மில்லிலீற்றர் ரியூப் ஒன்று, 6 மில்லிமீற்றருக்கு 6 என்று அடித்தால் கணக்கில் 8 மீற்றர் வரும், சேதம் போக ஏழு. 4 அடிக்கு 4 அடி யன்னலின் சுற்று கிட்டத்தட்ட 5 மீற்றர். ஒரு ரியூப்பில் நான்கு யன்னல் முடித்தேன் என்று யாராவது சொன்னால், மெல்லிய கோடு மட்டும்தான் இழுத்திருக்கிறார்.

குளியலறைக்கும் இதே சிலிக்கன்தானா என்று கேட்கிறீர்கள். தரையும் சுவரும் சந்திக்கிற மூலை தனித்தனியாக அசையும், அங்கே டைல்ஸ் இடைக்குப் போடுகிற பவுடரைப் போட்டால் வெடிக்கும், சிலிக்கன்தான் சரி. பூஞ்சணத் தடுப்பு உள்ள வகையை வாங்குங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் டைல்ஸில் வெள்ளைப் படிவு விடும், அதை முழுக்கத் தேய்த்து எடுத்து நன்றாகக் காயவிட்டுத்தான் அடிக்க வேண்டும். ஒரு நாளாவது தண்ணீர் படாமல் இருக்கட்டும். அதே பூஞ்சணத் தடுப்பு ரியூப்பை மீன் தொட்டிக்கோ குடிதண்ணீர்த் தாங்கிக்கோ பாவிக்காதீர்கள், அதில் மருந்து இருக்கிறது.

சுவர் வெடிப்பு, சிலாப் வெடிப்பு, தாங்கி வெடிப்பு, இதற்கெல்லாம் சிலிக்கன் வேண்டாம் என்பதே என் பதில். மேலே பெயின்ற் நிற்காது, பிறகு சரியான முறையில் திருத்தப் போனாலும் சிலிக்கன் பூசின இடத்தில் எதுவும் பிடிக்காது. மயிர் வெடிப்புக்குப் பெயின்ற் அடிக்கக்கூடிய அக்ரிலிக் பசை இருக்கிறது. சிலாப்புக்கு மேலிருந்து நீர்க்காப்பு செய்ய வேண்டும்.

வெயிலில் சிலிக்கன் பழுதாகாதா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். மற்ற ரப்பர்களுக்கு முதுகெலும்பு கார்பன். இதற்குச் சிலிக்கன் என்ற மூலகமும் ஒட்சிசனும், மணலில் இருக்கிற அதே பிணைப்பு. வெயிலின் புற ஊதாக்கதிர் அதை இலகுவில் உடைக்காது. ஒழுங்காகப் பிடித்த சிலிக்கன் பல வருசம் நிற்கும். பழுதாவது பெரும்பாலும் அது ஒட்டுகிற இடம்தான்.

நேரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆவணி, புரட்டாசியில் செய்யுங்கள், ஐப்பசி முதல் மழைக்குப் பிறகு சுவர் காய நாள் கிடைக்காது. காலையில், நிழல் விழுகிற பக்கத்தில் வேலை செய்யுங்கள். மத்தியானம் கை வைக்க முடியாத அளவுக்குச் சட்டம் சுடும்போது அடித்தால் உள்ளே குமிழ் விடும்.

ஒரு கிழமை விட்டு, குழாயால் தண்ணீர் அடித்துப் பாருங்கள். கீழிருந்து தொடங்குங்கள். அடிச் சட்டத்தில் கொஞ்ச நேரம் பிடியுங்கள், உள்ளே ஒருவர் நின்று பார்க்கட்டும். பிறகு பக்கம், பிறகு தலைப்பு. மேலே இருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இடமும் ஓடி, எங்கே நுழைகிறது என்று பிடிக்க முடியாது. எந்த இடத்தில் பிடிக்கும்போது உள்ளே ஈரம் தெரிகிறதோ, அங்கே ஒரு பென்சில் அடையாளம் போட்டு, படம் எடுத்துக் கீழே பதிவிடுங்கள். யன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது, சுவர் பூச்சா வெறும் கல்லா என்பதையும் எழுதுங்கள், அடுத்த காணொளியில் பார்ப்போம்.