வாரத்தில் மூன்று நாள் வேலை: வருடத்துக்கு எத்தனை நாள் சம்பள லீவு? (நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்)

வணக்கம். இன்றைய கேள்வியைக் கிழக்கு லண்டனில் இருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்கிறார். அவர் ஒரு பலசரக்குக் கடையில் வியாழன், வெள்ளி, சனி ஆகிய மூன்று நாட்களும், நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம் வேலை செய்கிறார். அந்தக் கடையில் லீவு வருடம் ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. முழுநேரம் வேலை செய்பவர்களுக்கு 28 நாள் என்றும், அதில் எட்டு நாள் பேங்க் ஹாலிடே (அரசுப் பொது விடுமுறை) என்றும், மிச்சம் இருக்கும் 20 நாளில் ஐந்தில் மூன்று பங்கான 12 நாள்தான் அவருக்கு என்றும் முதலாளி சொல்லியிருக்கிறார். பேங்க் ஹாலிடே அவருடைய வேலை நாளில் வந்து கடையும் பூட்டியிருந்தால் அதற்குச் சம்பளம் உண்டாம்; வராவிட்டால் இல்லையாம். இந்தக் கணக்கு சரியா என்பது சகோதரியின் முதல் கேள்வி. உணவகம் ஒன்றில் வாரத்துக்கு வாரம் மாறும் நேரங்களில் வேலை செய்யும் மகனுக்கு லீவு உண்டா என்பது இரண்டாவது கேள்வி.

முதல் கேள்விக்குப் பதில்: கணக்கு பிழை. பார்ப்பதற்குச் சரியாகத் தோன்றும் பிழை என்பதால்தான் இது பல கடைகளில் வருடக்கணக்காக யாரும் கேட்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

1998ஆம் ஆண்டின் வேலைநேர ஒழுங்குவிதிகள் லீவை நாட்களில் அல்ல, வாரங்களில்தான் தருகின்றன. 2009 ஏப்ரல் முதல் அது வருடத்துக்கு 5.6 வாரம். ஐந்து நாள் வேலை செய்பவருக்கு ஐந்தை 5.6ஆல் பெருக்கினால் 28 நாள் வரும். அதைத்தான் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். மூன்று நாள் வேலை செய்பவருக்கு மூன்றை 5.6ஆல் பெருக்க வேண்டும், 16.8 நாள் வருகிறது. இந்த 16.8 நாளுக்குள் பேங்க் ஹாலிடேயை அடக்கிக்கொள்ள முதலாளிக்கு அனுமதி உண்டு. ஆனால் அந்த எட்டு நாளையும் முதலில் கழித்து வைத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் பங்கு போடுவதற்கு அனுமதி இல்லை. ஏனெனில் கழித்த எட்டு நாளில் பெரும்பாலானவை இந்தச் சகோதரிக்குத் திரும்பி வருவதே இல்லை.

அவர் கேட்ட 2025ஆம் வருடத்தையே எடுத்துப் பார்ப்போம். இங்கிலாந்தின் எட்டு பேங்க் ஹாலிடேக்களில் ஈஸ்டர் திங்கள், மே மாதத்தில் இரண்டு, ஆகஸ்டில் ஒன்று என்று நான்கு திங்கட்கிழமைகள். புதுவருடம் புதன்கிழமை வந்தது. ஆக ஐந்து நாள் அவருக்குச் சம்பந்தமே இல்லாமல் போய்விட்டன. மிச்சம் மூன்று: ஏப்ரல் 18ஆம் தேதி பெரிய வெள்ளி, டிசம்பர் 25 வியாழன், 26 வெள்ளி. பெரிய வெள்ளியன்று கடை திறந்திருந்தது, தான் வேலைக்குப் போனேன் என்று அவரே எழுதியிருக்கிறார். வேலை செய்த நாளை லீவாக எண்ண முடியாது. நத்தாருக்கும் மறுநாளுக்கும் கடை பூட்டுவதால் அந்த இரண்டு நாளையும் சேர்த்தால் மொத்தம் 14 நாள். சட்டப்படி வரவேண்டியது 16.8. குறைவது 2.8 நாள், அதாவது 22.4 மணித்தியாலம். அவருக்குக் கிடைப்பது 2025 ஏப்ரலில் சட்டம் சொன்ன ஆகக் குறைந்த சம்பளமான மணிக்கு 12.21 பவுண்டு என்றே வைத்துக்கொண்டாலும், இது 273 பவுண்டு பெறுமதியான லீவு. ஒரே கடையில் ஐந்தாறு வருடம் வேலை செய்பவருக்கு இது சிறிய தொகை அல்ல.

இந்த இடத்தில் எங்கள் ஆட்கள் மத்தியில் உலவும் இன்னொரு கருத்தையும் திருத்திவிட விரும்புகிறேன். முழுநேர ஆளுக்கு எட்டு பேங்க் ஹாலிடே கிடைத்தால் பகுதிநேர ஆளுக்கும் அதன் பங்கு எப்போதும் கட்டாயம் கிடைக்க வேண்டும் என்று சிலர் உறுதியாகச் சொல்கிறார்கள். பகுதிநேரப் பணியாளர்களைக் குறைவாக நடத்தக்கூடாது என்ற 2000ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் அந்தப் பக்கம்தான் சாய்கின்றன என்றாலும், 2007இல் ஸ்காட்லாந்தின் உயர் சிவில் நீதிமன்றமான கோர்ட் ஆஃப் செஷன் ஒரு பகுதிநேரப் பணியாளரின் வழக்கில் வேறு விதமாகத் தீர்ப்பளித்தது. அந்த நிறுவனம் வாரத்தின் ஏழு நாளும் இயங்கியது. திங்கட்கிழமை வேலை இல்லாத முழுநேர ஆட்களுக்கும் திங்கட்கிழமை விடுமுறை கிடைக்கவில்லை. ஆகவே அந்தப் பகுதிநேரப் பணியாளர் அதை இழந்ததற்குக் காரணம் அவர் பகுதிநேரம் என்பது அல்ல, திங்கட்கிழமை வேலை செய்யாதது என்று நீதிமன்றம் கருதியது. சட்டம் தரும் அளவுக்கு மேலாக நிறுவனம் விரும்பிக் கொடுக்கும் நாட்களில் இந்தத் தர்க்கம் செல்லக்கூடும். 5.6 வாரம் என்ற அடித்தளத்தை எந்த முதலாளியும் இந்தத் தர்க்கத்தைக் காட்டி உடைக்க முடியாது. சகோதரியின் பிரச்சினை அந்த அடித்தளத்தில்தான் இருக்கிறது.

இனி என்ன செய்வது? இதில் நேரம் முக்கியம். சகோதரி கேட்டது 2025 அக்டோபரில். அவருடைய லீவு வருடம் முடிய அப்போது இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், 5.6 வாரம் என்பது உண்மையில் இரண்டு துண்டுகள்: நான்கு வாரம் ஒன்று, 1.6 வாரம் மற்றொன்று. முதலாளி உரிமையை ஏற்க மறுத்ததாலோ, லீவை எடுக்கும்படி ஊக்குவிக்காததாலோ எடுக்காமல் போன லீவை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகலாம் என்று 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம் சொல்வது அந்த நான்கு வாரத்துக்கு மட்டும். மூன்று நாள் வேலைக்கு நான்கு வாரம் என்றால் சரியாக 12 நாள். முதலாளி கொடுப்பதும் அதே 12 நாள்தான். அவர் குறைப்பது 1.6 வாரத் துண்டில் இருந்து என்பதால், வருடம் முடியும்வரை பேசாமல் இருந்தால் அது தானாகத் தொடர்ந்து வராது. ஆகவே அந்த வருடத்து 2.8 நாளை வருடம் முடியுமுன்பே எழுத்தில் கேட்க வேண்டும்.

எழுத்தில் என்றால் சட்டத்தரணி வைத்துக் கடிதம் எழுதச் சொல்லவில்லை. ஒரு வாட்ஸப் செய்தியே போதும். முதலாளி ஊர்க்காரராகவோ உறவினராகவோ இருக்கும் இடத்தில், முகத்தை முறிக்காமல் கேட்பது எப்படி என்பதுதான் பலருக்கும் சட்டத்தைவிடப் பெரிய கவலை என்பது எனக்குத் தெரியும். "அண்ணா, என்னுடைய லீவுக் கணக்கை அரசாங்க இணையத்தளத்தில் போட்டுப் பார்த்தேன், 16.8 நாள் காட்டுகிறது, இந்த வருடம் 2.8 நாள் மிச்சம் இருக்கிறது, நவம்பரில் இந்தத் தேதிகளில் எடுத்துக்கொள்ளவா" என்று கேட்டால் அதில் சண்டை எதுவும் இல்லை. ஜிஓவி டாட் யூகே தளத்தில் லீவுக் கணக்குக் கருவி இருக்கிறது; அதில் வரும் விடையைப் படமெடுத்துச் செய்தியோடு சேர்த்துவிடுங்கள். வேறு ஏற்பாடு எழுத்தில் இல்லாவிட்டால், எடுக்கப்போகும் லீவின் இரு மடங்கு நாட்களுக்கு முன்னதாக அறிவிக்க வேண்டும். முதலாளி அந்தத் தேதி வேண்டாம் என்று உரிய நேரத்தில் சொல்லலாம். நத்தார் வியாபாரத்துக்கு ஆள் வேண்டும் என்பது நியாயமான காரணமும்தான். ஆனால் ஒவ்வொரு தேதியையும் மறுத்து, வருடம் முடியும்வரை எடுக்கவே முடியாமல் செய்ய முடியாது. லீவுக்குப் பதிலாகக் காசு தருகிறேன் என்று அவர் சொன்னால், இந்தச் சட்ட லீவைப் பொறுத்தவரை, வேலையை விட்டுப் போகும்போது மட்டும்தான் அதற்கு இடம் உண்டு.

பதில் வராவிட்டாலோ மறுப்பு வந்தாலோ, அடுத்த படி ஏகாஸ் என்ற அமைப்பு. அதன் தொலைபேசி ஆலோசனையும் சமரச முயற்சியும் இலவசம். தொழில் தீர்ப்பாயத்துக்குப் போவதற்கு முன் ஏகாஸுக்கு அறிவிப்பது பொதுவாகக் கட்டாயம். லீவு மறுக்கப்பட்ட நாளில் இருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவான காலத்துக்குள் அதைச் செய்துவிட வேண்டும். இந்தக் காலத்தை ஆறு மாதமாக நீட்டும் சட்டம் 2025 டிசம்பரில் நிறைவேறியது; அந்த மாற்றம் நடைமுறைக்கு வந்துவிட்டதா என்று பார்க்காமல் அதை நம்பி யாரும் தாமதிக்க வேண்டாம். தீர்ப்பாயக் கட்டணத்தை 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சட்டவிரோதம் என்று தீர்த்த பிறகு, அங்கே மனுக் கொடுக்கக் காசு கட்டத் தேவையில்லை. லீவு எடுத்து அதற்குச் சம்பளம் குறைத்துக் கொடுக்கப்பட்டிருந்தால், அதைச் சம்பளப் பிடிப்பாகக் காட்டி, மனுக் கொடுத்த நாளில் இருந்து இரண்டு வருடம் பின்னோக்கிக் கேட்க முடியும்.

லீவு கேட்டதற்காக ரோட்டாவில் (வேலைநேரப் பட்டியலில்) நாளைக் குறைப்பதும் வேலையில் இருந்து நிறுத்துவதும் தனியான சட்டமீறல்கள். இது காகிதத்தில் மட்டும் இருக்கும் பாதுகாப்பு என்று சிலர் சிரிப்பார்கள். கையில் ஆதாரம் இல்லாவிட்டால் அவர்கள் சிரிப்பதில் நியாயம் உண்டு. ஆகவே ரோட்டாவை வாராவாரம் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கில் விழுந்த சம்பளம், பே ஸ்லிப், செய்திகள் எல்லாவற்றையும் சேமியுங்கள். கையில் காசாகச் சம்பளம் வாங்குபவருக்கும் லீவு உரிமை உண்டு. நிரூபிப்பதுதான் கடினமாக இருக்கும்.

மகனுடைய விஷயம் வேறு. நேரம் மாறிக்கொண்டே இருக்கும் பணியாளர்களுக்கு, 2024 ஏப்ரல் முதல் தேதியிலோ அதற்குப் பிறகோ தொடங்கிய லீவு வருடங்களில், வேலை செய்த மணித்தியாலத்தில் 12.07 சதவீதம் லீவாகச் சேர்கிறது. வருடத்தின் 52 வாரத்தில் 5.6ஐக் கழித்தால் வரும் 46.4இல் 5.6 எத்தனை சதவீதம் என்று பாருங்கள். அதுதான் இந்த எண். ஒரு சம்பளக் காலத்தில் 40 மணித்தியாலம் செய்தால் 4.83 வருகிறது, அரை மணித்தியாலமும் அதற்கு மேலும் முழுதாக்கப்படும் என்பதால் அது 5 மணித்தியாலம். 2022இல் ஒரு பாடசாலை இசை ஆசிரியையின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தச் சதவீத முறையை ஏற்க மறுத்தது. பிறகு அரசாங்கமே சட்டத்தைத் திருத்தி அதைக் கொண்டுவந்தது. பழைய காணொளிகளில் மாறுபட்ட விளக்கம் இருந்தால் காரணம் அதுதான்.

இப்படிப்பட்ட பணியாளருக்கு மட்டும், லீவுச் சம்பளத்தை ஒவ்வொரு சம்பளத்தோடும் சேர்த்தே கொடுக்கவும் முதலாளிக்கு அனுமதி உண்டு. ஆனால் அது பே ஸ்லிப்பில் தனி வரியாகத் தெரிய வேண்டும். "உன் மணிச் சம்பளத்துக்குள்ளேயே லீவு இருக்கிறது" என்று வாயால் சொன்னால் அது செல்லாது. சகோதரியைப் போல நிலையான நாட்களில் வேலை செய்பவர்களுக்கு இந்த முறை பொருந்தவே பொருந்தாது.

மாணவர் விசாவில் இருப்பவர்களும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலம் என்ற வரம்புக்குள் வேலை செய்யும் மாணவருக்கு லீவு உரிமையில் எந்தக் குறைவும் இல்லை. வரம்பைத் தாண்டியவர்கள் முறைப்பாடு எதுவும் செய்வதற்கு முன் குடிவரவுச் சட்ட ஆலோசகர் ஒருவரிடம் பேசிவிடுங்கள். சில முதலாளிகள் அந்தப் பயத்தை வைத்தே லீவை மறுக்கிறார்கள்.

கடைசியாக, பெல்ஃபாஸ்டில் இருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. நான் சொன்ன 2024 திருத்தங்கள் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து ஆகியவற்றுக்கு உரியவை. வட அயர்லாந்துக்குத் தனி ஒழுங்குவிதிகள் உண்டு. அங்கே ஏகாஸுக்குப் பதிலாக லேபர் ரிலேஷன்ஸ் ஏஜென்சியைத் தொடர்புகொள்ள வேண்டும்.